விசிலடித்த வாய் ‘கட்’ சொன்ன நாள்

மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. கொல்லிமலையில் என் முதல் படம் பாழாகிக்கொண்டிருந்தது. பாழாக்கியவன் நானேதான்.

சேந்தமங்கலம் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து, ஒரே நடிகரைப் பார்த்துப் பார்த்து விசிலடித்து வளர்ந்தவன் நான். பத்து வருடம் உதவி டைரக்டராக அலைந்தேன். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு தை மாதம், அவரையே வைத்துப் படமெடுக்க மலையேறினேன். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து காமிரா தலைச்சுமையாக வந்தது.

பிள்ளையைப் பறிகொடுத்த குடியானவன் அறப்பளீஸ்வரர் கோயில் ஆற்றங்கரையில் அழ வேண்டும். அதுதான் காட்சி. அவரோ நெஞ்சை நிமிர்த்தி, நாடக ராஜாபோல் முழங்கினார். தப்பு என்று கண்ணுக்குத் தெரிகிறது. வாயோ, “ஓகேங்கண்ணா, பிரமாதம்!” என்கிறது. பாழாய்ப்போன ரசிகப் புத்தி! மறுநாள் மனசு கேட்காமல் மறுபடி எடுப்பேன். மூன்று நாளும் இதே கூத்து.

நாலாம் நாள் காலையில் படமுதலாளி கூப்பிட்டார். “சாயங்காலத்துக்குள்ள இந்த சீன் சரியா வரலேன்னா, நாளைக்கு வேற டைரக்டர் வருவார்.”

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சந்நிதிக்கும் ஆற்றுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். “ஈஸ்வரா, அவர் நடிப்பை மாற்று” என்று அழுதேன்.

அந்த ஆற்று மீன்களை யாரும் பிடிப்பதில்லை. சாமி மீன் என்று பொரி போடுவார்கள். அப்படிப் பொரி போட்டுக்கொண்டிருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி, செருப்போடு நீரில் இறங்கப்போன நடிகரைத் தடுத்தாள்.

“ஏனுங்க, செருப்பக் கழட்டி வெச்சுட்டு எறங்குங்க. சாமி மீனு இருக்குதுங்க.”

நாங்கள் எல்லோரும் விறைத்து நின்றோம். அவர், “தெரியாம செஞ்சுட்டேம்மா” என்று கழற்றிவிட்டார். அவ்வளவுதான்.

அவள் சொன்னதும் அவர் கேட்டுக்கொண்டாரே, நான் ஏன் சொல்லவில்லை? அடுத்த டேக்கிலும் அவர் முழங்கினார்.

“கட்!” என்றேன். “சரியில்லீங்கண்ணா. புள்ளையப் பறிகொடுத்தவன் இப்படிக் கத்த மாட்டானுங்க. வசனமே வேண்டாங்க. சும்மா உட்காருங்க.”

அவர் முகம் சிவந்தது. என்னையே முறைத்தார். பிறகு பாறையில் போய் உட்கார்ந்தார். பேசவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. காமிராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“முதல் நாளே சொல்றதுக்கென்ன தம்பி?” என்றார் நடிகர், கோபம் தீராமலே.

படம் என் கையில் தங்கியது. அவரை மாற்று என்று கேட்டேன். ஈஸ்வரன் என்னை மாற்றினார். இன்றும் ‘கட்’ சொல்லுமுன் பயம்தான். “ஈஸ்வரா” என்று நினைத்துக்கொண்டு சொல்லிவிடுவேன்.

அன்பர்களே, உங்கள் பயத்தை ஈஸ்வரனிடம் ஒளிக்காதீர்கள். தப்பாகக் கேட்டால்கூடப் பரவாயில்லை, கேளுங்கள். நான் தப்பாகத்தான் கேட்டேன்.