முப்பத்தொரு பதவியும் ஒரு சாவிக்கொத்தும்

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் கல்லூரியில் சம்பளம் போடும் குமாஸ்தா. இன்னொருவர், கோபம் தலைக்கேறிய நேரத்தில் மட்டும், அவர் மனைவி. மற்ற எல்லோருக்கும் அவர் சாவிதான். இடுப்பில் தொங்கும் கொத்தின் சத்தம் முதலில் வரும், பின்னால் ஆள் வருவார்.

கல்லூரி மண்டபம் கட்டும்போது செங்கல் சுமக்க வந்தவர். வேலை முடிந்து கூலியாட்கள் எல்லோரும் போன பிறகு, மிஞ்சிப்போன சிமெண்டு மூட்டை மாதிரி இவர் மட்டும் ஒரு மூலையில் தங்கிவிட்டார். கல்லூரியும் விரட்ட மறந்து, கடைசியில் அட்டெண்டராக்கி சாவியைக் கொடுத்தது. படித்தது மூன்றாம் வகுப்பு. கேட்டது இருபத்தாறு வருஷத்துப் பேச்சு.

பேச்சென்றால் இலக்கிய மன்றத்துப் பேச்சு. வெள்ளிக்கிழமை மூன்று மணி ஆனால் மாணவர்கள் கூடி மொழியை வளர்ப்பார்கள். மன்றத்தில் முப்பத்தொரு பேர், பதவியும் முப்பத்தொன்று. தலைவர் ஒருவர், துணைத் தலைவர் ஐந்து பேர், செயலாளர், இணைச் செயலாளர், துணைச் செயலாளர், துணைச் செயலாளருக்கு உதவிச் செயலாளர், கவிதைக்கு ஒரு பொறுப்பாளர், கவிதை விமர்சனத்துக்கு ஒரு பொறுப்பாளர், இவர்கள் இருவருக்கும் சண்டை வந்தால் சமாதானத்துக்கு ஒருவர். பதவி இல்லாதவன் மன்றத்தில் சேரமாட்டான், பதவி இருக்கிறவன் மேடையை விட்டு இறங்கமாட்டான். மெத்தை வைத்த நாற்காலி முப்பத்தொன்றும் மேடைக்கு ஏறும். கீழே இரும்பு நாற்காலிகள் வாய் பிளந்து கிடக்கும்.

கேட்க இருந்தது இரண்டே ஜீவன். கடைசி வரிசையில் சாவி, மூலையில் ஒரு பழைய மின்விசிறி. அந்த மின்விசிறி எப்பேர்ப்பட்ட பேச்சுக்கும் 'இல்லை, இல்லை' என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருக்கும்.

இப்படியே போயிருக்கும். புதிதாக ஒரு பிரின்சிபால் வந்தார், அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார். கீழே உட்கார்ந்து கேட்க முப்பது பேர் இல்லாத மன்றம் கலைக்கப்படும். மண்டபத்தைப் பூட்டி விடைத்தாள் அடுக்குவார்கள். மண்டபத்து ஆளை ஊருக்கு வெளியே விடுதிக்கு அனுப்புவார்கள், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ள. வருகிற வெள்ளிக்கிழமை நேரில் வந்து எண்ணுவார்.

தண்ணீர்த் தொட்டிக்கு இரும்பு ஏணி, நாற்பது படி. தினம் மூன்று முறை ஏறிப் பார்க்க வேண்டும். மேடைக்கு நாற்காலி ஏற்றி ஏற்றியே சாவியின் வலது முட்டி பாதி செத்திருந்தது. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம்.

வீட்டில் சொன்னார். மனைவி முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அந்தப் புள்ளைங்களக் கொஞ்சம் கீழ எறங்கி உக்காரச் சொன்னா என்ன?"

"கல்லுல நார் உரிக்கச் சொல்றியா?"

"கேட்டுத்தான் பாருங்களேன். வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு? சாவிதான் உங்ககிட்டயே இருக்கே."

மறுநாள் தலைவரைப் பார்த்தார். தலைவர் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே மொழியின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, வெள்ளிக்கிழமை ஒரு நாளைக்கு எல்லாரும் கீழ உக்காந்தீங்கன்னா மன்றம் தப்பிச்சுரும்."

"அண்ணே, என்ன பேசறீங்க? தலைவர் கீழ உக்காந்தா மன்றத்துக்கு என்ன மரியாதை?"

"சரி, துணைத் தலைவருங்க?"

"அவனுங்களா? நான் எறங்கினா அஞ்சு பேரும் என் நாற்காலியில உக்காந்துருவானுங்க. உங்களுக்கு அரசியல் தெரியாதுண்ணே."

சாவிக்கு அரசியல் தெரியாது. நாற்காலி தெரியும்.

வியாழக்கிழமை மாலை மெத்தை நாற்காலி முப்பத்தொன்றையும் மேடையிலிருந்து இறக்கி முன்வரிசைகளில் போட்டார். ஒவ்வொன்றிலும் பதவியின் பெயர் எழுதிய சீட்டு ஒட்டினார். கீழே கிடந்த இரும்பு நாற்காலிகளில் நாலைந்தை மேடைக்கு ஏற்றி, 'பொது' என்று எழுதிவைத்தார். அப்புறம் இணைச் செயலாளரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, உங்களுக்கு மட்டும் சொல்றேன். பிரின்சிபால் கீழதான் உக்காரப்போறாரு. போட்டோவும் கீழதான் எடுப்பாங்க. மேடை சும்மா வந்தவங்களுக்கு. யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

இணைச் செயலாளர் யாரிடமும் சொல்லவில்லை, முப்பது பேரைத் தவிர.

வெள்ளிக்கிழமை இரண்டரைக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகக் கூட்டம் நேரத்துக்கு முன்னால் கூடியது. பிரின்சிபால் வந்து விரல் நீட்டி எண்ணினார். முப்பத்தொன்று. முகம் மலர்ந்தது. பிறகு மேடையைப் பார்த்தார். ஒரு ஈ கூட இல்லை.

"சரி, பேசப்போறது யாரு?"

முதல் துணைத் தலைவர் பாதி எழுந்தார். அதற்குள் பக்கத்தில் இருந்த நான்காம் துணைத் தலைவரின் கை அவர் மெத்தைமேல் ஊர்ந்து வந்துவிட்டது. முதலாமவர் அந்தக் கையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தலைவர் கூரையைப் பார்த்தார். செயலாளர் செருப்பைப் பார்த்தார்.

பேச்சாளர் இல்லாத கூட்டத்தைக் கூட்டமென்று யார் ஒப்புக்கொள்வார்? நாற்பது படி ஏணி சாவியின் கண்முன் நின்றது. மைக்காவது வேலை செய்கிறதென்று காட்டலாமென மேடை ஏறி, "அலோ, அலோ" என்று தட்டினார்.

"ஓ, நீங்கதானா? ஆரம்பிங்க," என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார் பிரின்சிபால்.

சாவி மைக்கைத் துண்டால் ஒருமுறை துடைத்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்த மைக்க நான் இருபத்தாறு வருஷமா துடைக்கிறேன், பேசினதில்ல. இங்க பேசறவங்க நெறைய பேரு. கேக்கறவன் நான் ஒருத்தன். செயலாளர் தம்பி போன வருஷம் மழையப் பத்திக் கவிதை வாசிச்சாரு. அப்போ வெளிய நெசமாவே மழை கொட்டுச்சு. தம்பி பாக்கல. நான்தான் ஓடிப்போயி சன்னல சாத்தினேன். கவிதை நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா பக்கத்துல இருந்தவங்க அவங்கவங்க பேச்ச நெஞ்சுக்குள்ள மனப்பாடம் பண்ணிட்டிருந்தாங்க. தலைவர் தம்பி மொழி சாகப்போகுதுன்னு இதுவரைக்கும் பதினாலு தடவ சொல்லிருக்காரு. பதினாலு தடவையும் அது சாகல, மூணு மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் மயக்கமாத்தான் கெடந்துச்சு. எனக்கு முட்டி வலி. இதோட முடிச்சுக்கறேன்."

பிரின்சிபால் கை தட்டினார். அவர் தட்டியதால் முப்பத்தொரு பேரும் தட்டினார்கள், நாற்காலியை விட்டு எழாமலே. பதிவேட்டில் கையெழுத்து விழுந்தது. மன்றம் பிழைத்தது. மண்டபமும் பிழைத்தது, முட்டியும் பிழைத்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவசரக் கூட்டம். பொருள்: பதவியில்லாத ஒருவர் மேடையேறி மன்றத்தை அவமதித்ததற்குக் கண்டனம். மெத்தை நாற்காலி முப்பத்தொன்றையும் சாவியே மறுபடி மேடைக்கு ஏற்றினார். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் வந்திருந்தார்கள். ஐந்து துணைத் தலைவர்களும் தனித்தனியாக முன்மொழிந்தார்கள். கீழே கடைசி வரிசையில் சாவி முட்டியைத் தடவிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நன்றியுரைக்கு உதவிச் செயலாளர் எழுந்தார்.

"இறுதியாக, மண்டபத்தைத் திறந்து, நாற்காலிகளை ஏற்றி, கண்டனத்தைக் கடைசிவரை இருந்து கேட்ட சாவி அண்ணன் அவர்களுக்கு மன்றத்தின் சார்பில் நெஞ்சார்ந்த நன்றி."

சாவி எழுந்து கும்பிட்டார். மூலையில் மின்விசிறி 'இல்லை, இல்லை' என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. போய் அதை நிறுத்திவிட்டு, சாவிக்கொத்தை எடுத்தார்.