முன்வரிசையில் ஒரு முகம்

அம்பாசமுத்திரத்தில் எந்த விழாவானாலும் மேடைக்கு எதிரே முதல் வரிசை நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தி வைப்பார்கள். முக்கியஸ்தர்கள் உட்காரும் இடம் என்று அர்த்தம். சிஸ்டரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, அவர் அந்த வரிசையின் நடு நாற்காலிக்கு வந்து, துணியின் ஒரு முனையைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவுகிற காட்சிதான். அரசு ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் கட்டில் விரிப்பு மாற்றிய நர்ஸின் கை அது. உருவிய துணியை நாலாக மடித்துப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்காருவார். அதன் பிறகு நிகழ்ச்சி முடிகிறவரை எழுந்திருக்க மாட்டார். பின்னால் திரும்பியும் பார்க்க மாட்டார்.

அவர் எங்கள் ஊர்க் கலை மன்றத்தின் தலைவர். தலைவர் என்றால் மேடை நடுவில் உட்கார்ந்து மாலை வாங்கிக்கொள்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. மேடை ஏறச் சொன்னால் முட்டுவலி என்பார். ஆஸ்பத்திரி மாடிப்படிகளை ஓட்டமாக ஏறி இறங்கிய முட்டுக்கு எங்கள் மேடையின் மூன்று படி எம்மாத்திரம்? காரணம் வேறு. முக்கியஸ்தர்கள் வருவார்கள், பொன்னாடை வாங்குவார்கள், இன்னொரு விழா இருக்கிறது என்று கைகூப்பிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பாதிப் பேர் வரவே மாட்டார்கள். ஊர்க்காரர்களோ வாசலை ஒட்டி, எப்போது வேண்டுமானாலும் நழுவ வசதியாகப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். பாடுகிறவர் தலையை நிமிர்த்தினால் எதிரே வெறும் துணி. "பாடுதவங்களுக்குப் பாக்கதுக்கு ஒரு மொகம் வேணும்லா தம்பி. துணியப் பாத்து எப்பிடிப் பாடுவாவ?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். அதனால் தன் முகத்தைக் கொண்டுவந்து அங்கே வைத்தார்.

கலைஞர்களிடம் அவர் நடந்துகொண்ட விதத்திலும் ஆஸ்பத்திரி வாடை உண்டு. செங்கோட்டை ரயிலில் வந்து இறங்குகிறவர்களை ஸ்டேஷனுக்கே போய் அழைத்து வருவார். கையில் வெந்நீர் ஃபிளாஸ்க் இருக்கும். "சாப்பிட்டியளா? மாத்திர போட்டாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. ராகம், தாளம் என்று பேசக் காத்திருந்த வித்வான்கள் எத்தனையோ பேர் அவரிடம் தங்கள் சர்க்கரையின் அளவைப் பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். ஆனாலும் அடுத்த தடவை அழைத்தால் மறுக்காமல் வருவார்கள். எங்களிடம் பெரிதாகக் கொடுப்பதற்கு ஒன்றும் கிடையாது என்று தெரிந்தே வருவார்கள்.

மன்றம் என்பது உண்மையில் மூன்று பேர். சிஸ்டர் தலைவர். பாத்திரக்கடை அண்ணாச்சி பொருளாளர். நான் செயலாளர். லெட்டர்பேடில் துணைத்தலைவர்கள், புரவலர்கள், ஆலோசகர்கள் என்று ஒரு பட்டாளமே உண்டு. அவர்கள் லெட்டர்பேடை விட்டு இறங்கியதே இல்லை. அண்ணாச்சி வேடிக்கையான மனிதர். வருகிற கலைஞர்களுக்கு நினைவுப் பரிசு அவர் கடையிலிருந்துதான் போகும், அதுவும் விலை போகாத சரக்காகப் பார்த்து. ஒரு பரதநாட்டியப் பெண்ணுக்கு இட்லிக் கொப்பரை கொடுத்தார். நான் முகம் சுளித்ததைப் பார்த்து, "என்னவே முழிக்கீரு? ஷீல்டக் கொண்டுபோயி என்ன செய்ய? இதுன்னா தெனமும் காலையில நம்ம நெனப்பு வரும்லா" என்றார். அண்ணாச்சிக்குப் பிள்ளைகள் கிடையாது. மனைவி அவருக்கு முன்பே போய்விட்டார். சிஸ்டர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கடற்கரை உவரியிலிருந்து வேலைக்கு வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் இந்த ஊரிலேயே ஒரு சின்ன வீட்டில் தங்கிவிட்டார். வீட்டில் யாராவது காத்திருக்கிறவன் கலை மன்றம் நடத்த வரமாட்டான் என்பது என் கட்சி. மற்ற ஊர்களிலும் விசாரித்துப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது.

நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். விவாகரத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மதுரையில் தெரிந்தவர் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல், இன்சூரன்ஸ் ஆபீசில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு இங்கே வந்தேன். ஊரில் ஒருவரையும் தெரியாது. மெஸ்ஸில் சாப்பிட்டால் அறை, அறையை விட்டால் ஆபீஸ். ஒரு மாலை, பள்ளிக்கூட ஹாலில் வீணைக் கச்சேரி என்று டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டுப் போனேன். வீணை கேட்கும் ஆசையில் அல்ல. அறைக்குப் போகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கச்சேரி முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு அம்மாள் வந்து, "சாப்பிட்டியளா தம்பி?" என்றார். இன்னும் இல்லை என்றேன். கலைஞர்களுக்கு வாங்கி மிச்சமிருந்த இட்லிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "இங்கன செயலாளர் வேல ஒண்ணு காலியா இருக்கு. சம்பளம் கெடயாது. வாரியளா?" என்று கேட்டார். அந்த இட்லியை ஹாலில் உட்கார்ந்தே சாப்பிட்டேன்.

செயலாளர் வேலை என்பது பெரும்பாலும் நினைவூட்டுகிற வேலை. ஹாலுக்குச் சொல்ல வேண்டும், மைக் செட்டுக்குச் சொல்ல வேண்டும், ஊருக்குச் சொல்ல வேண்டும். இந்தக் காலத்தில் அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் போட்டால் கைகூப்பும் படங்கள் வந்து குவியும். படம் அனுப்பியவர்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆள் வரும். மேடையில் நின்று வரவேற்புரை வாசிக்கும் எனக்கு ஹாலின் காலியிடமெல்லாம் தெரியும். பின்னால் திரும்பாத சிஸ்டருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் காட்டிக்கொள்ள மாட்டார். எனக்கு இரண்டு முறை பதவி உயர்வு வந்தது. வெளியூர் போக வேண்டும் என்றார்கள். இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தேன். பாட்டின் மேல் பைத்தியம் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கல்யாணிக்கும் காம்போதிக்கும் வித்தியாசம் இன்றுவரை தெரியாது. நானும் போய்விட்டால் சிஸ்டர் என்ன செய்வார் என்பதுதான் என் கவலை.

கொரோனாவுக்குப் பிறகு அண்ணாச்சி போய்ச் சேர்ந்தார். அதன் பின் மன்றம் இரண்டு பேரானது, மேடையில் ஒருவர், கீழே ஒருவர். ஒரு ஐப்பசி மாலையில் மழை அப்படிக் கொட்டியது. வில்லுப்பாட்டுக்குழு வந்துவிட்டது, ஊர் வரவில்லை. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிஸ்டரைப் பார்த்தேன். வரவேற்புரையைப் படிக்கவா வேண்டாமா என்ற சந்தேகம். "முழுசா வாசிங்க தம்பி" என்று கீழிருந்து சொன்னார். "பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்தேன். ஒரே ஒரு தாய்மார்தான் இருந்தார். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டி வரவேற்பை ஏற்றுக்கொண்டார். வில்லுப்பாட்டுக்காரர்களே சிரித்துவிட்டார்கள், பிறகு நன்றாகப் பாடினார்கள். கடைசியில் நன்றியுரையில் அவர் பெயரைச் சொல்லப் போனேன். கையை வீசித் தடுத்துவிட்டார். மன்றத்துக்காரர்களை மன்றத்துக்காரர்களே புகழ்ந்துகொள்வது அவருக்குப் பிடிக்காது.

சென்ற வருடம் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு விட்டுப்போயிற்று. உவரியிலிருந்து அவருடைய தம்பி மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வண்டியில் ஏற்றும்போது அவர் என்னிடம் சொன்னது, "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்பது மட்டும்தான். மன்றத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. தொடர்ந்து நடத்து என்று அவர் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், தனியாகவே நடத்திவிடுவேன் என்று தோன்றியது. அந்த வார்த்தையை வாங்கிவரத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உவரிக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் கடல் இரைச்சல் கேட்டது. சிஸ்டர் கட்டிலில் சாய்ந்திருந்தார். விரிப்பின் ஓரங்களை அவரே இழுத்துச் செருகியிருப்பார் போல, அத்தனை நேர்த்தி. நலம் விசாரித்த பிறகு விஷயத்துக்கு வந்தேன். மன்றத்தை என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"அத எப்பவோ மூடியிருக்கணும் தம்பி" என்றார், சாதாரணமாக.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "நானும் அண்ணாச்சியும் பேசி முடிச்சாச்சு, இதுதான் கடைசின்னு. அன்னைக்கு வீணக் கச்சேரி. நீங்க வந்து கடைசி வரிசையில இருந்திய. எல்லாரும் போயாச்சு, நீங்க எந்திரிக்கல. ஆஸ்பத்திரியில பாத்துருக்கேன் தம்பி. டிஸ்சார்ஜ் எழுதிக் குடுத்த பொறவும் சிலபேரு கட்டில விட்டு எறங்க மாட்டாவ. வீட்டுல ஆளில்லாதவுக. அப்பிடித்தான் இருந்திய நீங்க. அண்ணாச்சிட்ட சொன்னேன், இன்னும் ஒரு வருசம் பாப்போம்னு."

அந்த ஒரு வருடம்தான் இத்தனை வருடமாக நீண்டிருக்கிறது.

"நான் உங்களுக்காகத்தான சிஸ்டர் விடாம நடத்தினேன்?" என்றேன். "உங்களுக்குப் பாட்டுன்னா உயிருன்னு நினைச்சேன்."

"எனக்குப் பாட்டப் பத்தி என்ன தெரியும்? மூச்சு ஒழுங்கா விடுதாவளான்னு பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம்பி மகள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கிளம்பும்போது, "எனக்காவ ஒண்ணும் நடத்த வேண்டாம்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இத்தனை காலம் நான் அவரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவரோ என்னை நோயாளியாகத்தான் வைத்திருந்திருக்கிறார். நாங்குநேரி தாண்டியபோது கோபம் வடிந்துவிட்டது. அதற்கு அடியில் இருந்தது வெறும் பயம். மன்றம் இல்லையென்றால் மாலை நேரங்களில் நான் எங்கே போவேன்?

மூடிவிடுவது என்று முடிவு செய்தேன். பாளையங்கோட்டையில் பாட்டு வகுப்பு நடத்தும் ஒரு அம்மாளிடம் மட்டும் முன்பே சொல்லி வைத்திருந்தோம். நிகழ்ச்சி இல்லை என்று சொல்லத்தான் போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "சார், நீங்க கூப்பிடுவியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எப்ப வரணும்?" என்றார் அவர். தேதியைச் சொல்லிவிட்டேன். முன்பு விசாரித்தபோது பள்ளிக்கூடத்தில் அன்று ஹால் காலி என்று சொல்லியிருந்தார்கள். ஏன் காலி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அது விஜயதசமி. ஊரில் பாதிப் பேர் மாலை போட்டு, வேஷம் கட்டி, தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போயிருந்தார்கள். மீதிப் பேர் அவர்களைப் பார்க்கப் போயிருந்தார்கள். நாள் பார்ப்பது அண்ணாச்சியின் வேலையாக இருந்தது. சிஸ்டர் ஊரில் இருந்திருந்தாலும் கேட்டவுடனே தலையில் அடித்துக்கொண்டிருப்பார். இத்தனை வருடம் இருந்தும் நான் இந்த ஊர்க்காரன் ஆகவில்லை என்பது அன்று ஹால் வாசலில் நின்றபோது நன்றாகத் தெரிந்தது.

பாட்டு அம்மாளும், வயலின்காரரும், மிருதங்கக்காரரும் மேடையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைக் செட்டுக்காரர் செட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு, தங்கை மகன் காளி வேஷம் என்று பைக்கில் பறந்துவிட்டார். நான் மேடையேறி இரண்டு வார்த்தை வரவேற்றேன். பிறகு கீழே இறங்கி நடு நாற்காலிக்குப் போனேன். துணி எனக்கு ஒரே இழுப்பில் வரவில்லை. நாற்காலிக் காலில் மாட்டிக்கொண்டு இழுபட்டது. உட்கார்ந்தேன். அந்த இடத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் ஹால் கண்ணில் படாது. பாடுகிறவர் முகம் ஒன்றுதான் தெரியும்.

அந்த அம்மாளின் பார்வை முதலில் காலி நாற்காலிகள் மேல் அலைந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் என் முகத்துக்கு வந்து நின்றது. கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மனுஷி என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்து எத்தனையோ வருடமாகிறது. என்ன ராகம் என்று தெரியாது. மேல்ஸ்தாயிக்குப் போகுமுன் அவர் மூச்சை இழுத்துப் பிடிப்பதைக் கவனித்தேன். அந்த மூச்சு சரியாகப் போய்ச் சேர வேண்டுமே என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடக் கையை எடுக்கவில்லை, அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறேழு பாட்டு பாடிய பிறகு அவர் மைக்கைச் சற்றுத் தள்ளிவிட்டுக் குனிந்து கேட்டார். "முடிச்சுக்கிடலாமா சார்? நேரமாச்சு. உங்கள வீட்டுல தேடுவாவ."

"தேட ஆள் இல்லம்மா" என்றேன். இந்த ஊருக்கு வந்த இத்தனை வருடத்தில் அதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "இன்னும் ஒண்ணு பாடுங்க."