மாமாவின் மௌன விரதம்

எங்கள் அம்மா ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் யாராலும் அவளைக் கரையேற்ற முடியாது. இதை அப்பா சில நாள் பெருமையாகச் சொல்வார், சில நாள் தலையில் அடித்துக்கொண்டு சொல்வார். எனக்குப் பத்து வயது நடந்தபோது அவள் இறங்கிய காரியம், தன் தம்பியைச் சங்கீத வித்வானாக்கி மாதச் சம்பளம் வாங்கித் தருவது. மாமா ஏற்கெனவே வயலின் பிரமாதமாக வாசிப்பார். அதனால் வித்வானாக்குவதில் சிரமம் இல்லை. சம்பளத்தில்தான் சிரமம்.

மொரீஷியஸுக்கு அப்போது இன்னும் சுதந்திரம் வரவில்லை. நாங்கள் ரோஸ் பெல்லில் இருந்தோம். கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் மாமா சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்குவார். மற்ற மாதங்களில் கல்யாண வீடு, கோயில் என்று வயலினைத் தூக்கிக்கொண்டு போவார். முந்தின வெட்டின்போது அவருடைய இடது கை விரல் ஒன்று மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் அகப்பட்டு நசுங்கி, எப்படியோ பிழைத்துக்கொண்டது. அடுத்த வெட்டுக்கு அவன் ஆலைக்குப் போகப் போவதில்லை என்று அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள். மாமாவைக் கேட்டுச் சொன்னதாக நினைவில்லை.

தெற்கே கடலோர ஊரான சுயாக்கில் ஒரு கோயில் தலைவர் இருந்தார். கடையும் பஸ்ஸும் வைத்திருந்த பெரிய மனிதர். கோயில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்க ஒருவரை வைத்து, குடியிருக்க வீடும் மாதச் சம்பளமும் தருவதாக அவர் சொல்லியிருந்தார். அம்மா முதலில் நேர்மையாகத்தான் ஆரம்பித்தாள். அப்பாவைத் தூது அனுப்பினாள். நம்ம பையனுக்கு எதற்குச் சம்பளம், அவன் ஆசைக்கு வாசித்துக்கொண்டு போகட்டும், நாங்கள் இந்தியாவிலிருந்து ஆள் தேடுகிறோம் என்று தலைவர் சொல்லிவிட்டார். அப்பா அதை அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிட்டு டீ கேட்டார்.

"இந்தியாவிலேருந்துதானே வேணும்? வந்துடுவான்" என்றாள் அம்மா.

மறுநாளே போர்ட் லூயிஸுக்குப் பஸ் ஏறினாள். அங்கே ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் நிஜமாகவே தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாட்டுக்காரர். சில வருஷங்களுக்கு முன்னால் கச்சேரிக்கென்று கப்பலில் வரவழைத்தவர்கள் அவருக்கு மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், வடை பாயசத்தோடு விருந்து வைத்தார்கள். அடுத்த வாரம் அவர் எங்கே சாப்பிடுவார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. சுயாக் வேலைக்கு அவரும் போய்க் கேட்டிருக்கிறார். வித்வானாக இருந்தால் ஏன் துணி அளக்கிறீர் என்று தலைவர் கேட்டாராம். அம்மா தன் திட்டத்தைச் சொன்னதும் அவர் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். இந்தத் தீவுக்கு வந்து இப்படிச் சிரித்ததே இல்லையம்மா என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து மாமாவைத் தஞ்சாவூர்க்காரர் ஆக்கினார். வேட்டி கட்டுவது சுலபமாக வந்துவிட்டது. உட்காருவதுதான் வரவில்லை. மாமாவுக்கு வயலின் கற்றுக்கொடுத்தவர் அடுத்த தெருவிலிருந்த கிரியோல் கிழவர். நடன வீடுகளில் வாசிப்பவர். அவரைப் போலவே மாமாவும் வயலினை மோவாயில் இடுக்கிக்கொண்டு, நின்றபடி, காலால் தாளம் தட்டித்தான் வாசிப்பார். கோயில் பாட்டையும் அப்படித்தான். தஞ்சாவூர் வித்வான் சம்மணம் போட்டு, வயலின் தலையைப் பாதத்தில் ஊன்றி, கண்ணை மூட வேண்டுமாம். இரண்டு அடி வாசிப்பதற்குள் மாமா தன்னை அறியாமல் எழுந்துவிடுவார். அம்மா பின்னால் நின்று அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்வாள்.

பேச்சு இன்னொரு தொல்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தீவின் பிரெஞ்சுக் கலப்பு மொழியான கிரியோல்தான். நான் இங்கே தமிழில் எழுதுகிறேனே தவிர, அவர்கள் பேசியதில் முக்கால்வாசி கிரியோல். மாமாவுக்குத் தெரிந்த தமிழெல்லாம் பாட்டில் இருந்தது. சுயாக் கோயில் குருக்களோ இந்தியாவிலிருந்து வந்தவர். வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதற்குத்தான் அம்மா மௌன விரதத்தைக் கண்டுபிடித்தாள். காவடிக்கு விரதம் இருக்கும் நாட்கள் ஆனதால் அது பொருத்தமாகவும் இருந்தது. தமிழ் வகுப்பில் முதலாவதாக வந்த நான் வித்வானின் சிஷ்யை. இந்தியாவிலிருந்து ஒரு வித்வான் வந்து இறங்கியிருக்கிறார் என்று அம்மா சுயாக்குக்குக் கடிதம் போட வைத்தாள்; மாமாவை நேரில் பார்த்திராத தலைவர் உடனே கோயிலில் கச்சேரிக்கு நாள் குறித்தார்.

கச்சேரியன்று குருக்கள் மாமாவைப் பார்த்ததும் சந்தோஷமாக ஓடிவந்து, எந்த ஊர், யாரிடம் பாடம் என்று கேட்டார்.

"ஐயா மௌன விரதம் பூண்டிருக்கிறார்" என்றேன் பாடப்புத்தகத் தமிழில்.

கப்பல் பிரயாணம் எப்படி இருந்தது என்று கேட்டார். அதற்கும் அதையே சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தை நான் அவ்வளவு நன்றாகப் பயிற்சி செய்திருந்தேன்.

மாமா உட்கார்ந்து வாசித்தார். எவ்வளவு நன்றாக வாசித்தார்! சபை ஆடவில்லை, அசையவில்லை. அம்மா பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். நான் மனத்துக்குள் சுயாக் வீட்டில் குடியேறி, கடற்கரைக்குக்கூடப் போய்வந்துவிட்டேன்.

கடைசிப் பாட்டுக்கு முன் தலைவர் எழுந்து வந்து மாமாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். வீடு தயாராக இருக்கிறது, வரும் மாதம் முதல் சம்பளம் என்று அறிவித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மாமாவின் கையைத் தூக்கிச் சபைக்குக் காட்டினார்.

"இதுதான் கை! நம்ம ஊருல பொறந்தவனுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் இது வருமா?"

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மாமா அம்மாவைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். வயலினை மோவாயில் இடுக்கிக்கொண்டு, சபையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்த முருகன் பாட்டை, காலால் தாளம் தட்டி, எங்கள் தெருக் கல்யாணங்களில் வாசிக்கிற மாதிரியே வாசித்தார். பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அவர் கவனிக்கவில்லை.

இது என்ன என்று தலைவர் தமிழில் கேட்டார். மாமா வில்லை இறக்கிவிட்டுத் தன் விரதத்தை முடித்துக்கொண்டார்.

"மோ சோர்தி ரோஸ் பெல், மிஸ்யே."

நான் ரோஸ் பெல்காரன் ஐயா என்று சொன்னதில் குற்றம் ஒன்றும் இல்லைதான். ஆனால் தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மாமா பொன்னாடையை மடித்துப் பாயில் வைத்தார். குருக்கள் மட்டும் வாசல்வரை வந்து எங்களை வழியனுப்பினார்.

பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். வீடு போயிற்று, சம்பளம் போயிற்று, இனி மாமா திரும்பவும் ஆலைக்குப் போய் மிச்ச விரல்களையும் நசுக்கிக்கொள்ள வேண்டியதுதான். அம்மா மாமாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. அது எனக்கு அநியாயமாகப் பட்டது. தட்டைக் கீழே போட்டதற்கே என்னைத் திட்டுகிறவள் அவள். அதனால் அவளுக்குப் பதிலாக நானே கேட்டேன்.

"இன்னும் ஒரே ஒரு பாட்டு! உட்கார்ந்தே வாசிச்சா என்ன மாமா?"

"காலு மரத்துப்போச்சு, கண்ணு" என்றார்.

அம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பாமலே, நாளைக்குப் போர்ட் லூயிஸ் போகிறேன் என்றாள்.

போனாள். ஜவுளிக்கடைக்காரரிடம் பேசித் தஞ்சாவூர்க்காரருக்குச் சனிக்கிழமைப் பிற்பகல் விடுமுறை வாங்கினாள். எங்கள் தெருச் சீனக் கடைக்காரரிடம் மல்லுக்கட்டி அவர் கிடங்கில் பாதியைக் காலி செய்ய வைத்தாள். ரோஸ் பெல்லில் வீடு வீடாக ஏறி, பிள்ளைகளை அனுப்பு, முடிந்ததைக் கொடு, முடியாவிட்டால் காய்கறி கொடு என்றாள். கதவைச் சாத்தியவர்கள் வீட்டுக்கு மறுவாரமும் போனாள். மூன்றாம் முறை அவளைப் பார்ப்பதைவிடக் கொடுத்துவிடுவது மேல் என்று சிலர் கொடுத்தார்கள். வெட்டு தொடங்கிச் சங்கு ஊதியபோது மாமா ஆலைக்குப் போகவில்லை. கிடங்கில் அவரும் தஞ்சாவூர்க்காரரும் சேர்ந்து பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கிடங்கில் முதல் கச்சேரி வைத்தபோது, நான் வீட்டிலிருந்து ஒரு தலையணையைத் தூக்கிக்கொண்டு போனேன். மாமாவுக்குக் கால் மரத்துப்போகக் கூடாதே என்று. மாமா அதை இரண்டு கையாலும் வாங்கி, சிரிக்காமல், பக்கத்தில் வைத்துக்கொண்டு, நின்றபடியே வாசித்தார்.