அசையாத பூஜ்யம்

லீவு முடிந்து அன்று காலைதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மென்பொருளும் அவற்றில்தான் ஓடுகிறது. பம்ப் அடைத்துக்கொண்டால், அந்தத் திரையைப் பார்த்துவிட்டுத்தான் தொட்டிக்குள் ஆளை இறக்குவார்கள்.

நான் இல்லாதபோது ஒப்பந்தக்காரர்கள் பழைய சர்வரைத் தூக்கிவிட்டு, எல்லாவற்றையும் புது மெஷினில் கன்டெய்னர்களாக, அதாவது ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனி டப்பாவில் அடைத்ததுபோல, மாற்றியிருந்தார்கள். வாயுத் திரையில் 0.0. பச்சை விளக்கு. எனக்கு உறுத்தியது. தொட்டி சுத்தமாக இருந்தாலும் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். இது ஆடவில்லை.

மென்பொருள் எழுதிவைக்கும் லாக் பதிவைத் திறந்தேன். சென்சார் கார்டை மெஷினோடு பேசவைக்கும் டிரைவர் லோடாகவே இல்லை. அது பழைய லினக்ஸின் கெர்னலுக்காக, அதாவது மெஷினை நேராக இயக்கும் மையப் பகுதிக்காக, எழுதப்பட்டது. கன்டெய்னருக்குள் பழைய லினக்ஸையே வைத்திருந்தாலும், அடியில் ஓடுவது புது மெஷினின் கெர்னல்தான். கார்டு கிடைக்காத மென்பொருள் பூஜ்யம் போட்டுக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் ரஹ்மத் பாய்க்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் தொட்டியின் மூடி திறந்திருந்தது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஓடினேன்.

ஃபிட்டர் குமார் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"எறங்காதீங்க! மேல வாங்க!" என்று கத்தினேன்.

"இன்னா மேடம், பம்ப் அடைச்சு பேஜாரா கெடக்குது. ஸ்கிரீன்ல ஜீரோதானே காட்டுது?" என்றார் பக்கத்தில் நின்ற பாய்.

"அது ஜீரோ இல்ல பாய். சென்சாரே அதுக்குத் தெரியல."

பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து கையடக்க மீட்டரை வாங்கிவந்து கயிற்றில் இறக்கினோம். பாதி ஆழம் போவதற்குள் அலறியது. குமார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாப்பாவ ஸ்கூல்ல வுட்டுட்டு நேரா வந்தேன் மேடம்" என்றார்.

வாயு மென்பொருளை கன்டெய்னரிலிருந்து எடுத்து ஒரு மைக்ரோ விஎம்மில், அதாவது மெஷினுக்குள் ஓடும் ஒரு குட்டி மெஷினில், வைத்தேன். கன்டெய்னர் போலவே சட்டென்று எழும், மெமரியும் கம்மி. ஆனால் அதற்கென்று தனிக் கெர்னல் உண்டு. பழைய கெர்னலைக் கொடுத்து, சென்சார் கார்டை நேராக அதனிடம் ஒப்படைத்தேன். எண் ஏறி, ஆடத் தொடங்கியது. சென்சார் பதில் சொல்லாவிட்டால் சிவப்பில் 'தெரியவில்லை' என்று வரும்படியும் மாற்றவைத்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு மென்பொருளை இடம் மாற்றினால், ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்தக் கெர்னல்மேல் நிற்கிறது என்று பாருங்கள். சென்சார் ஒயரைக் கழற்றி, திரை சிவக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் தொட்டிவரை நடந்துபோய் நான் அதைத்தான் செய்கிறேன்.