ஓதி முடிந்த பின்னும்

ஓதி முடித்த பின்னும் ஓதுவதுபோல் நடித்து, ஒரு மனிதனை இடிமழையில் நிற்க வைத்தவன் நான். அவன் செத்தான்.

மாவனல்லையிலிருந்து உள்ளே போகும் ரப்பர் தோட்டத்து வழியில் அப்போது எனக்குத் துணிக்கடை. சித்திரையில் அங்கே பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் மலை கறுத்துவிடும். இடி கேட்டால் நாங்கள் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவோம். 'இடி எவனைப் புகழ்ந்து துதிக்கிறதோ, வானவர்கள் எவனுக்கு அஞ்சித் துதிக்கிறார்களோ, அவன் தூயவன்' என்று பொருள்படும் துஆவை ஓதி முடிக்கும் வரை யாருக்கும் பதில் சொல்வதில்லை. தோட்டத்துச் சனங்களுக்கும் இது தெரியும், வாசலில் காத்திருப்பார்கள்.

அன்று பெருநாளுக்கு வந்த வெள்ளைத் துணியை விரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். கடைக் கதவில் ஒரு பலகை மட்டும் திறந்திருந்தது. முதல் இடி முழங்கியது, ஓதினேன். முடித்து நிமிர்ந்தால், பால்வெட்டும் ஆள் ஒருவன் சொட்டச் சொட்ட வாசலில் நிற்கிறான். கையில் தகர வாளி, உடம்பெல்லாம் புளித்த ரப்பர் பால் வாடை. உள்ளே விட்டால் துணி கெடும். வராதே என்று சொல்லவும் வாய் கூசியது. கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன்.

"ஓதுங்க மொதலாளி, அவசரமில்ல" என்றான். சற்றுப் பொறுத்து, "இன்னிக்கு ரொம்ப நீளமா இருக்கே. எனக்கும் சேத்து ஓதுறீங்களாக்கும்" என்று சிரித்தான்.

நான் கண் திறக்கவில்லை. வாளி ஆடும் ஓசை மேட்டுப் பாதையில் ஏறித் தேய்ந்தது. திடீரென்று மூடிய இமைக்குள் வெளிச்சம் சிவந்தது. இடியும் அதனோடேயே வந்தது. அது அடங்கியபோது வாளிச் சத்தம் இல்லை.

கேட்டவர்களிடம், நான் ஓதும்போது வந்து நின்றுவிட்டுப் போனான் என்றேன்.

அதன்பின் ஒவ்வோர் இடிக்கும், ஓதி முடித்தாலும் என் உதடு நிற்கவில்லை. சொல் இல்லாமல் தானாக அசைந்தது. என் மனைவி பயந்துபோய் வாயைப் பொத்துவாள். அவள் உள்ளங்கைக்குள்ளும் அசைந்துகொண்டிருக்கும்.

மனிதனுக்குச் செய்த தீங்கை அந்த மனிதனே மன்னித்துப் பொறுக்க வேண்டும் என்று படித்தவன் நான். அவன் இல்லை. தோட்டத்து லய வீட்டுக்குப் போய் அவன் மனைவியிடம் உள்ளதைச் சொன்னேன்.

"சாவுறதுக்கு முன்னாடி ஒரு நல்ல வார்த்த காதுல விழுந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் மொதலாளி. அதையும் எடுத்துட்டுப் போகவா வந்தீங்க?"

பொறுத்தேன் என்று அவள் சொல்லவில்லை.

கடை முன்னால் பத்துப் பேர் ஒதுங்கத் தாழ்வாரம் இறக்கினேன். வானம் இருண்டதுமே பலகைகளையெல்லாம் கழற்றிவிட்டு, வழியில் போவோரைக் கூப்பிட்ட பிறகே ஓதினேன். சனங்கள் வந்தார்கள். ஆனால் எவ்வளவு நெருக்கமானாலும் அவன் நின்ற வாசற்படிக்கு நேரே ஓராள் இடத்தை விட்டே நின்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஓரத்தில் நனைந்தாலும் நனைந்தார்கள், அங்கே வரவில்லை.

மறு ஆண்டு ஒரு மழையில் அவன் மனைவி வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அந்த இடத்தில் போய் நின்றாள். மழை விட்டதும் மேட்டுப் பாதையில் ஏறிப் போனாள்.