நடக்கிறவளுக்கு எதுக்கு லைசென்ஸ்

சலவைக்கூடத்தில் எல்லாரும் அவளை மூட்டையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துவைத்து மடித்த படுக்கை விரிப்புகளை மூட்டை கட்டி, கடைத்தெரு வழியாக மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. வருஷக்கணக்காகக் கைவண்டி இழுத்ததில் வலது தோள் கெட்டுப்போனது. தலை வாரக்கூடக் கை எழவில்லை. வேலையை விட்டுவிடு என்றார் கணவர். "விட்டுட்டு? உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?" என்று கேட்டுவிட்டு, மெக்கானிக்காக இருக்கும் தன் தம்பியிடம் போய் நின்றாள்.

அவன் அதே கைவண்டிக்கு அடியில் பேட்டரியும் சின்ன மோட்டாரும் பொருத்திக் கொடுத்தான். கைப்பிடியில் இருக்கும் விசையை அழுத்திக்கொண்டே நடந்தால் வண்டி கூடவே வரும். கையை எடுத்தால் நின்றுவிடும். ஏறி உட்கார இடமில்லை.

கடைத்தெருவில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை. கைவண்டி போகலாம். அவளுடையது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று யாரும் கேட்கவில்லை, புதிதாக வந்த போலீஸ்காரர் கேட்கும்வரை. மோட்டார் சத்தம் காதில் விழுந்ததும் மறித்து, வண்டியைப் பறிமுதல் செய்வதாகச் சொன்னார். தள்ளிப் பார்த்தார். மூட்டைகளின் கனத்தில் அது அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் அவளையே ஸ்டேஷனுக்கு ஓட்டிவரச் சொல்லி, அதே தெரு வழியாகக் கூடவே நடந்தார். கடைக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்ஸ்பெக்டர் தன்மையாகத்தான் பேசினார். ஒன்று, மோட்டாரைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் நம்பர் பிளேட்டும் லைசென்ஸும் வாங்கிக்கொண்டு, லாரி போகிற பெரிய சாலையில் போக வேண்டும்.

"லாரிக்கு நடுவுல நடந்து போய்ச் சாகச் சொல்றீங்களா?" என்றாள். "நான் எதையும் ஓட்டல சார், நடக்கிறேன். நடக்கிறதுக்கு லைசென்ஸ் உண்டுன்னா குடுங்க, வாங்கிக்கிறேன்."

"மோட்டார் இருந்தா அது வண்டிதாம்மா."

அவள் மேலே காட்டினாள். "உங்க தலைக்கு மேல சுத்துதே ஃபேன், அதுலயும் மோட்டார் இருக்கு. அதுக்கு நம்பர் பிளேட் வாங்கியாச்சா?"

இன்ஸ்பெக்டர் மேலிடத்துக்குப் போன் போட்டார். அங்கேயும் ஆளுக்கொரு பேச்சு. விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். அதுவரை வண்டி இங்கேயே நிற்கட்டும் என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவங்க சொல்றவரைக்கும் நோயாளிங்க வெறும் மெத்தையில படுத்திருக்கணுமா? பதில் வந்ததும் சொல்லி அனுப்புங்க. நான் எங்கயும் ஓடிடல, தினமும் அதே தெருவுலதான் போவேன்."

விசையை அழுத்திக்கொண்டு நடந்தாள். பிடித்து வந்த போலீஸ்காரர் வாசலை மறித்து நின்றார். கையை எடுத்தாள், அவர் பூட்ஸுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. அவர் முகத்தை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் மறுபடியும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். போலீஸ்காரர் விலகினார்.

மேலிடத்திலிருந்து பதில் வரவே இல்லை. தண்ணீர் கேன் போடுகிற பெண்ணும் மூட்டையக்காவின் தம்பியிடம் இதே மாதிரி ஒன்று செய்து வாங்கிக்கொண்டாள். அவ்வப்போது யாராவது புதுப் போலீஸ்காரர் கையைக் காட்டி, இது என்ன வண்டி என்று கேட்பதுண்டு. மூட்டையக்கா நிற்பதில்லை.

"கூட நடந்து வாங்க, சொல்றேன்" என்பாள்.