பங்களாச் சுவரில் அம்மா

அம்மாவின் முகத்தை நான் வருடத்துக்கு ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். தீபாவளியன்று காலையில் தேயிலைத் தோட்டத்துச் சனமெல்லாம் மாலையும் பழத்தட்டுமாக, தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையைக் கும்பிடப் பங்களாவுக்குப் போகும். அங்கே சமையல் வேலை பார்த்த அப்பா, கூட்டத்தில் என்னைக் கண்டதும் சாப்பாட்டு அறைக் கதவை ஒரு சாண் திறந்துவிடுவார். எதிர்ச் சுவரில், ஓவியத்துக்குள், கொழுந்துக் கூடையோடு அம்மா நிற்பாள். காய்ச்சலில் அவள் போனபோது எனக்கு இரண்டு வயது. வேறு படம் எதுவும் எங்களிடம் இல்லை. அடையாள அட்டைக்காவது படம் பிடித்திருப்பார்களே என்பீர்கள். பிரஜாவுரிமையே இல்லாத குடும்பத்துக்கு அதெல்லாம் ஏது?

வரைந்தவர் பேர்போன ஓவியர். நான் பிறப்பதற்கு முன்பு, பழைய துரையின் விருந்தாளியாக வந்து தங்கியவர், மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அம்மாவை நிறுத்திவைத்து வரைந்தாராம். ஆடக் கூடாது, அசையக் கூடாது என்று உத்தரவு. அந்த நேரம் பார்த்து ஒரு அட்டை காலில் ஏறிக் கடித்திருக்கிறது. படத்தில் அவள் புருவம் நெரிந்திருப்பது அதனால்தான். "உங்கம்மாவுக்கு அட்டைன்னாலே ஆகாது. அன்னைக்கு எப்படித்தான் பொறுத்தாளோ" என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். ஓவியம் தெரிந்தவர்கள் அந்த முகத்தில் மலையகத்தின் துயரத்தைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும்.

எனக்குப் பன்னிரண்டு வயதில், பங்களாவில் ஆளில்லாத ஒரு நாள், அம்மா படத்தோடு சேர்த்து அங்கே மாட்டியிருந்த அந்த ஓவியரின் மூன்று படங்களையும் யாரோ சட்டத்திலிருந்து வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். பத்திரிகைகளில் பெரிதாகப் போட்டார்கள். களவு போன பிறகுதான் அம்மா அத்தனை பெறுமதியானவள் என்பதே தோட்டத்துக்குத் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் வந்து எல்லோரையும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நிறுத்தினார். அவருடைய சிங்களத்தைத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா தமிழில் சொன்னார். சாவி வைத்திருந்த அப்பாதான் முதல் ஆள்.

"படத்துல இருக்குற பொம்பள யாருன்னு தெரியுமான்னு கேக்குறாரு."

"தெரியாதுங்க. யாரோ கொழுந்தெடுக்குற பொம்பளங்க" என்றார் அப்பா.

அம்மாவோடு நிரை பிடித்துக் கொழுந்தெடுத்தவர்கள், அவளுடைய கூடப்பிறந்த தங்கச்சி உட்பட, நாங்கள் குடியிருந்த லயமே ஒரே வாயாக அதையே சொன்னது. பொண்டாட்டி படமென்று தெரிந்தால் அப்பாவைத்தான் பிடிப்பார்கள் என்பதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. புதிதாக வந்த துரைக்கு விஷயம் தெரியாது. தெரிந்த கிளாக்கர் ஐயா பேசாமல் இருந்துவிட்டார்.

எனக்கு அப்பா மேல் அப்படியொரு ஆத்திரம். மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அவரே வாயைத் திறந்தார்: "தெரியும்னு சொன்னா என்னைய உள்ள போட்டிருவாங்க. அப்புறம் உன்னைய யாரு பாக்குறது?" சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் அம்மாவைப் பற்றிப் பேசவே இல்லை. அட்டைக் கதையைக்கூடச் சொன்னதில்லை. ஒரு களவில் அம்மா இரண்டு தடவை போய்விட்டாள் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது நுவரெலியாவில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். போன மாதம் போனில் படங்களோடு ஒரு செய்தி வந்தது. மூன்று படங்களும் வெளிநாட்டில் பிடிபட்டு, அங்கே ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கின்றனவாம். அம்மாவுக்குக் கீழே "பெயர் தெரியாத பெண்" என்று போட்டிருந்தது. அப்பா பெரட்டுக் களத்தில் சொன்ன பொய் கடல் தாண்டிப் போய் உண்மையாகிவிட்டது. முகத்தை விரலால் பெரிதாக்கினேன். புள்ளி புள்ளியாகக் கலைந்துபோனது. முப்பது வருடத்துக்கு மேல் ஏங்கிக் கிடந்த எனக்கு அது போதவில்லை.

மகளைவிட்டு ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். அம்மாவின் பெயர், தோட்டம், அட்டை கடித்தது எல்லாம் எழுதி, பெயரைப் போடுங்கள், முகம் தெளிவாகத் தெரிகிற பிரதி ஒன்று தாருங்கள் என்று கேட்டோம். பதில் மரியாதையாகவே வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அந்த அம்மையாரின் புகைப்படம் ஒன்று இருந்தால் அனுப்பிவைக்கச் சொல்லியிருந்தார்கள்.

"என்னம்மா எழுதுறது?" என்று மகள் கேட்டாள்.

"அவங்க படம் ஒன்னே ஒன்னுதான் இருக்கு, அது உங்ககிட்டதான் இருக்குன்னு எழுது" என்றேன்.